பின்பக்கத்துச் சூடு

புகார் அட்டையில் இரண்டே வரி:
இயந்திரம் குளிர்விக்கவில்லை.
நாலு கேன் பால் சிவப்புச் சீட்டோடு திரும்பி வந்தது.
கீழே ஹால்வோர் பாக்கே என்று கையெழுத்து.

மார்ச் மாதம். விஸ்கான்சினில் அதைப்
பனிக்காலம் என்றும் சொல்லலாம், சேற்றுக்காலம் என்றும் சொல்லலாம்.
என் வண்டி இரண்டையும் ஒப்புக்கொண்டு
பாதி வழியில் புதைந்து நின்றது.
கருவிப் பெட்டியைத் தோளில் ஏற்றி நடந்தேன்.

கொட்டகையை எட்டும் முன்பே ஹால்வோர் தொடங்கிவிட்டார்:
"கடவுள் ஓசியில் கொடுக்கிற குளிருக்கு
மாதம் ஒன்பது டாலர் தவணை கட்டுகிறேன்.
அப்படியும் பால் திரிகிறது."

மடியிலிருந்து இறங்கும்போது பால் நூற்றொரு பாகை.
ஆய்வாளரின் கண்ணாடிக்குழல் கேட்பது ஐம்பது.
நடுவிலிருக்கும் ஐம்பத்தொன்றுக்குத்தான் நாங்கள்:
ஒரு மோட்டார், ஒரு வார், ஓர் அமுக்கி,
கந்தக வாயு ஓடும் செப்புக் குழாய்கள்,
கேன்கள் கழுத்தளவு நிற்கும் தண்ணீர்த் தொட்டி.

முதலில் கசிவு.
அம்மோனியாவில் நனைத்த துணியைக் குச்சியில் கட்டி
மூட்டு மூட்டாகக் காட்டினேன்.
கசிந்தால் வெண்புகை எழும். எழவில்லை.
தீக்குச்சி உரசிய வாடையும் இல்லை.
மோட்டார் மட்டும் ஜுரக்காரன் மாதிரி மூச்சு வாங்கியது.

பின்னால் போனேன்.
சூடு வெளியேற வேண்டிய சுருள்குழாயின் மேல்
ஐந்து சாக்கு, ஒரு பழைய கம்பளி.
தூக்கினால்
கன்று.
பிறந்து மூன்று நாள் இருக்கும்.
காது நுனியில் உறைபனி கடித்த கறுப்பு.
விசிறிக் காற்று மொத்தத்தையும்
தன் வயிற்றுக்கே வாங்கிக்கொண்டு தூங்கியது.

வாசலில் குன்ஹில்ட், கையில் வாளி.
"தாய் உதைத்துத் தள்ளிவிட்டது."
மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை.
தாடையால் காட்டினாள்: மூன்றாவது தடுப்பு.
அது அசைபோட்டபடி சுவரைப் பார்த்திருந்தது.

கம்பெனியில் எங்களுக்கு முதல் நாள் சொல்லித்தந்தது:
குளிரை யாராலும் உண்டாக்க முடியாது,
சூட்டை இடம் மாற்றலாம், அவ்வளவே.
நூறு பண்ணையில் ஒப்பித்திருக்கிறேன், விற்பதற்காக.
அன்றுதான் அது என் காலடியில் படுத்திருந்தது.
அந்த மாடு தர மறுத்த சூடு
அதன் பாலிலிருந்தே உருவப்பட்டு,
தண்ணீர் தாண்டி, செம்பு தாண்டி,
இத்தனை இரைச்சலோடு சுற்றி வந்து
சேர வேண்டிய இடத்தில்தான் சேர்ந்திருக்கிறது.

சாக்குகளை எடுத்தேன்.
குன்ஹில்டின் முகம் இறுகியது.
பலகை ஏதாவது இருக்கிறதா என்றேன்.

ஆப்பிள் பெட்டியை உடைத்து
விசிறிக்கு ஒரு சாய்ந்த கூண்டு அடித்தேன்.
காற்று உள்ளே வர ஒரு வழி,
வெளியே போக ஒரு வழி.
வெளிவழி கன்றைப் பார்த்து.

சாயங்காலப் பால் நாற்பத்தெட்டில் நின்றது.
ஹால்வோர் குழலை இரண்டு தடவை பார்த்தார்.
"என்ன கோளாறு?"
அட்டையில் எழுதி நீட்டினேன்:
வார் தளர்ந்திருந்தது. இறுக்கப்பட்டது. கட்டணமில்லை.

வாசித்தார். கையெழுத்துப் போட்டார்.
அவருடைய குதிரைகள்தான்
என் வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்தன.
கயிற்றை அவிழ்க்கும்போது, குதிரையிடம் சொல்வதுபோல்,
"அந்த வாரை ஞாயிற்றுக்கிழமைதான்
நானே இறுக்கினேன்" என்றார்.