இடவப்பாதி பிந்திய வருடம்

அபிஷா கொண்டுவந்த தாளில்
மேலே ஊசியின் பெயர்,
கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு,
நடுவில் எட்டு வரி.
ஆறாவது வரியில் ஒரு சொல் இருந்தது.
அதை அவள் வாசிக்கையில்
குழம்பைக் கிண்டப் போனேன்.
கிண்டும் நேரமே இல்லை,
சாளை உடைந்துபோனது.

வெள்ளிக்கிழமை பள்ளியில் கூட்டம்.
அண்டி ஆபீசில் அரைநாள் லீவு.
எண்ணெய் தின்ற விரல்களை
முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"பதிமூணு வயசுப் பிள்ளைக்குப்
படுக்கையில வாற நோய்க்கா மருந்து?
எனக்க மவ அப்பிடிப்பட்டவ இல்ல"
என்றார் ஹார்ட்வேர் கடை கிறிஸ்துராஜன்.
சிலர் கைதட்டினார்கள்.
நர்ஸ் ரெஜிலா
காலி நீலப்பெட்டியை மடியில் வைத்து
மூன்று முறை ஒரே பதிலைச் சொன்னாள்,
ஒவ்வொரு முறையும் இன்னும் மெதுவாக.

ஒருத்தி எழுந்தாள்:
"ஊசி போட்ட அன்னைக்கு
எனக்க தங்கச்சி மவ மயங்கி விழுந்தா.
பேடிக்கது தப்பா?"
யாரும் சிரிக்கவில்லை.
எனக்கும் பேடிதான்.
"தப்பில்லக்கா. சில பிள்ளேள் மயங்கும்,
கால்மணிக்கூர் இருத்தி வச்சிட்டுதான் விடுவோம்."

நான் ஜெசிந்தாளைச் சொல்லியிருக்கலாம்.
என் அடுத்த பலகையில் அண்டி தல்லியவள்.
ஆலயம், ஆபீஸ், வீடு,
நாலாவது வழி தெரியாது.
ஒரே ஆண், அதுவும் தாலி கட்டியவன்.
முப்பத்தொன்பது வயதில்
குழித்துறையில் ரயிலேறி
ஆர்சிசிக்குப் போய்வந்தாள், பதினாலு மாதம்.
பிறகு ஆம்புலன்சில்.
எங்கிருந்து வந்ததோ என்று
ஊர் அவளைப் பற்றி மட்டும் பேசியது.
அடக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றவனிடம்
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் எழவில்லை.
முந்தானைக்குள் விரல்கள்.

திரும்பி வரும்போது ரப்பர் தோட்டம்.
போன மாதமே ரெயின் கார்டு கட்டிவிட்டார்கள்.
மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை,
வானத்தில் ஒரு துளி இல்லை.
இடவப்பாதி பிந்துகிறது இந்த வருடம்.
மழைக்கு ஆசைப்பட்டா மரம் பாவாடை கட்டியது?
கிறிஸ்துராஜனிடம் கேட்க வேண்டும்,
அவருக்கும் உண்டு இரண்டு ஏக்கர்.

ராத்திரி கையெழுத்துப் போட்டேன்.
பெருவிரல் கறை கோட்டின்மேல் பதிந்தது.
"அழிச்சிட்டுப் போடும்மா."
"இது அழியாது பிள்ள."

ரெஜின் எட்டிப் பார்த்தான். பன்னிரண்டு வயது.
"மாணவியின் பெயர்னுதானே இருக்கு,
மாணவன்னு இல்லியே.
எனக்கு எப்போ?"
அபிஷா சிரித்துவிட்டாள்.
நான் தாளை மடித்தேன், மறுபடி விரித்தேன்.

அவன் அப்பா தலைவிளக்குக்கு
பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.
இரண்டு மணிக்குப் பால்வெட்டு.
"தோட்டத்துல வல்ல மரத்தையும்
விட்டுட்டா கெட்டினிய?"
"எதுக்கு விடணும்?
நனையப்போறது எல்லா மரமுந்தானே"
என்றார், எதைக் கேட்டேன் என்று தெரியாமல்,
விளக்கைப் போட்டுப் பார்த்தபடி.

வெளிச்சம் மகன் முகத்தில் விழுந்தது.
கண்கூசி அவன்
அக்காவின் தாளால் மறைத்துக்கொண்டான்.