இருநூற்றுப் பதினான்காம் மரம்

கோதையாற்றின் இடக்கரையில்
நாலாம் நாள் கணக்கெடுப்பு.
நீர்மருது நூற்றிமூன்று:
வெளுத்த பட்டை, வேரை ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு.
மேட்டில் கருமருது நூற்றிப்பத்து:
முதலை முதுகாய் வெடித்த தோல்,
தண்ணீர்ப் பக்கம் வர மனமில்லாதவை.

அடுத்தது பாதிச் சரிவில் நின்றது.
அடிமரம் வெடித்துக் கறுத்து,
ஆளுயரத்துக்கு மேலே வழுவழுவென்று வெளுத்து.
கீழே கிடந்த காயை எடுத்து
விரலிடுக்கில் சுழற்றினேன். ஐந்து சிறகு.
நரம்பு மேல்நோக்கி வளைந்தால் நீர்மருது,
விளிம்புக்கு நேரே ஓடினால் கருமருது.
இதில் நேரே ஓடத் தொடங்கி
யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல்
நடுவழியில் வளைந்திருந்தது.

"ரெண்டுங்கெட்டான்" என்றாள் லிசிமலர்
டேப்பை அடுத்த மரத்துக்கு இழுத்தபடி.
அவளுக்குப் பசி. எனக்கும்தான்.

கைப்பேசிப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனேன்.
நீர்மருது உண்டு, கருமருது உண்டு,
தான்றி, கடுக்காய்,
கடைசியில் 'மற்றவை'.
அதில் போட விரல் போகவில்லை.
திணைமயக்கம் என்று
நிலத்துக்கே ஒரு சொல் வைத்திருந்த மொழியில்
ஒற்றை மரத்துக்குக் கட்டம் இல்லையா?

குறிப்பேட்டைத் திறந்து
இரண்டு பெயரையும் எழுதி
நடுவே ஒரு பெருக்கல் குறி போட்டேன்,
படித்த படிப்பில் கலப்புக்கு அதுதான் குறி.

எட்டிப் பார்த்த வாச்சர் சிவலிங்கன் காணி
முகம் சுருங்கிக் கேட்டான்:
"இத வெட்டப் போறியளா?"

கீரிப்பாறையில்
பால் வற்றிய ரப்பர் மரங்களின் நெஞ்சில்
சிவப்புப் பெயின்டில் இதே குறிதான்.
முதலில் குறி வரும்,
பிறகு ரம்பம் வரும்.

சேர்ந்ததற்கான குறி இது என்றேன்.
அவன் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
பிறகு தாடையால் மேலே காட்டினான்.
கவட்டையில் பழைய தேனடை,
இரைச்சலோடு.

எத்தனை தலைமுறைக்கு முன்போ
மேட்டில் மேய்ந்த காலைக் கழுவாமல்
ஆற்றங்கரைப் பூவுக்கு இறங்கிய
ஏதோ ஓர் ஈ.
பெயர் கேட்டிருக்காது.

அழிரப்பரை எடுத்துத் தேய்த்தேன்.
குறி போனது, காகிதம் கொஞ்சம் பஞ்சானது.
அந்த இடத்தில் எதை வைப்பது?
தமிழில் சேர்த்துச் சொல்ல
கத்திபோல் குறுக்கே விழும் கோடு வேண்டாம்.
நீர்மருதும் கருமருதும்
என்று எழுதினேன்.
அலுவலகத்தில் இதை ஏற்க மாட்டார்கள், தெரியும்.

கீழேயிருந்து லிசிமலர் கத்தினாள்:
"இருநூத்திப் பதினஞ்சு, நீர்மருது,
சுற்றளவு ரெண்டு மீட்டர் பத்து.
எழுதுதியளா, இல்லியா?"