சூட்டில் மட்டும்

காலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஸ்ரான்லி வீதி அலுவலக வாசலில்
ஒரு உதை. உடனே பிடிக்கும்.
கோண்டாவில் தாண்டும்வரை நல்ல பிள்ளை.
நீர்வேலி வாழைகளுக்குள் லேசாக ஒரு இருமல்.
அச்சுவேலிக்குக் கிட்ட, தார் மினுங்கும் நேரம்,
சொல்லாமல் கொள்ளாமல்
நின்றுவிடும்.

பிறகு எவ்வளவு உதைத்தாலும்
தொண்டைக்குள் ஏதோ சொல்லி விழுங்கும்.
அரை மணித்தியாலம் ஆறவிட்டால்
எதுவும் நடக்காததுபோல எழும்பும்.

பெற்றோலில் கலப்படம் என்றான் கூட வேலைசெய்யும் கடாட்சன்.
தேசிக்காய் கட்டச் சொன்னார் சித்தப்பா. கட்டினேன்.
தேசிக்காயோடு நின்றது.

மரியநேசன் கராஜில் மூன்று தரம் காட்டினேன்.
தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும்.
அவர் கிக்கரைக் கையாலேயே அமத்துவார்.
உறுமும்.
"வருத்தம் உமக்குத்தான் ஐசே."

என்றாலும் பிளக்கைக் கழற்றினார்.
பால்தேத்தண்ணி நிறம்; அதில் பிழையில்லை.
காபரேற்றரைக் கழுவினார்.
வால்வு இடைவெளியைத் தகடு விட்டுப் பார்த்தார்.
டாங்கி மூடியின் துளையை ஊசியால் குத்தினார்.
காசு வாங்கினார்.
"சுடச்சுடக் கொண்டுவாரும்.
காய்ச்சலோட வந்தாத்தானே என்னெண்டு பாக்கலாம்."

நான் கடன் அறவிடுபவன்.
செவ்வாய் பத்தமேனி. பதினொரு பெண்கள், கிழமைத் தவணை.
நிற்கக்கூடாது, தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது,
பிள்ளைகளின் பெயர் கேட்கக்கூடாது.
இவை பயிற்சியில் முதல் நாள் பாடம்.

சுகந்தமலர் அன்று தரவில்லை.
வெங்காயம் இன்னும் கிண்டவில்லை என்றாள்.
நான் சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னேன்,
மற்றப் பெண்களுக்கும் கேட்கிற சத்தத்தில்.
பிணை நின்றவர்கள் கேட்கவேண்டும்;
அது இரண்டாம் நாள் பாடம்.
சொல்லி முடித்து, ஹெல்மெற்றை மாட்டி,
உதைத்தேன்.

உதைத்தேன்.
வேலிக்கு மேலால் பத்துத் தலைகள்.
இருபத்து மூன்றில் எண்ணுவதை விட்டேன்.
வியர்வை கண்ணுக்குள் போய் எரிந்தது.
கோபமாக வந்தவன் கோபமாகவே போய்விட வேண்டும்.
நடு ஒழுங்கையில் நின்றுவிட்டால்
அதை எங்கே வைப்பது?

அவள் வந்தாள்.
கையில் கிழிந்த சட்டைத்துணி, வாளியில் தோய்த்தது.
"எங்கட வாட்டர் பம்மும் உப்பிடித்தான்."

அந்த வாட்டர் பம்.
என் கொப்பியில் ஏழாம் பக்கம். எண்பதாயிரம்.
நோக்கம்: நீர் இறைக்கும் இயந்திரம்.

"அரைத் தோட்டத்துக்கு இறைக்கும். சுட்டால் செத்துப்போகும்.
கொயிலுக்குள்ள எங்கயோ கம்பி விட்டிருக்கு.
சூட்டுக்கு விரிஞ்சு விலகும். ஆறினால் தொடும்."

டாங்கிக்குக் கீழே கையை நுழைத்து
அந்தக் கறுப்புக் கட்டியைத் துணியால் சுற்றினாள்.
வழிந்த நீர் எஞ்சினில் சொட்டிச் சீறியது.
கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
அவள் என்னைப் பார்க்கவுமில்லை.
துணியை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப."

ஒரு உதை.

நன்றி சொன்னேனா, நினைவில்லை.
சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.
வல்லை வெளியில் ஓரம் கட்டி,
எஞ்சினை நிறுத்தப் பயந்து, ஓடவிட்டபடியே
கொப்பியை எடுத்தேன்.
அவள் பெயருக்கு நேரே
ஆள் இல்லை என்று எழுதினேன்.
ஒரு கிழமைதான் செல்லும், அந்தப் பொய்.

புதுக் கொயில் நாலாயிரத்து இருநூறு.
"ஆர் பிடிச்சது பிழையை?" என்றார் மரியநேசன்.
தோட்டம் செய்கிற ஒரு பெண் என்றேன்.
அவர் நம்பவில்லை. பழையதை வாங்கி
சூட்டில் ஒருதரம், ஆறவிட்டு ஒருதரம்
மீற்றர் வைத்துப் பார்த்தார். பிறகும் பேசவில்லை.

இப்போது எங்கும் நிற்பதில்லை.
பக்கப் பெட்டிக்குள் அந்தத் துணி கிடக்கிறது,
காய்ந்து, பச்சைப் பூப்போட்டது, ஒரு தெறி மிச்சம்.
திருப்பிக் கொடுக்கவேண்டும்.
தவணை ஒன்றும் அவள் சொல்லவில்லை.