பத்து கிராம் சும்மா

நோன்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.
கீழக்கரை பேருந்து நிலையத்தில்
சர்பத் கடைக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடுவே
மடக்கு மேசை போட்டேன்.
நாள் வாடகை இருநூறு.
முன்னூறு பொட்டலம், ஒவ்வொன்றிலும்
பத்து கிராம் கடல்பாசி,
நரைமுடியை நறுக்கி வைத்தாற்போல.
சிவப்பு மையில் 'இலவசம்',
அதன் மேல் 'இன்று மட்டும்',
அடியில் பொடியெழுத்தில்
'உங்கள் மின்னஞ்சல் முகவரி போதும்'.

முதலில் வந்தவர் ஆதார் அட்டையை நீட்டினார்.
அடுத்தவர் ரேஷன் கார்டு வீட்டில் இருக்கிறதே என்று வருந்தினார்.
மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி
எந்தக் கட்சி என்றார்.

நோட்டைத் திருப்பி வைத்தேன், எழுதினார்கள்.
நடுவில் வரும் அந்தச் சுழியை
ஆளுக்கொரு சங்காக வரைந்தார்கள்.
பெரும்பாலும் இடம்புரி.
அபூர்வமாய் ஒன்றிரண்டு வலம்புரி.
(அவை அத்தனையும் பிறகு திரும்பி வந்தன.)
ஒரே பையன் மூன்று நாளும் வந்தான்,
மூன்று முகவரியோடு,
ஒவ்வொரு முறையும் என்னை முதன்முதலாகப் பார்ப்பவன்போல.

'இன்று மட்டும்' அட்டையும்
மூன்று நாளும் அங்கேயே இருந்தது.
ஹபீப் நெய்னா மச்சான் சொல்லியிருந்தார்:
"முதல்ல பேரு சேரணும் ருக்கியா.
யாவாரம் பின்னாடி தானா வரும்."
ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து
ஒவ்வொரு எழுத்தாய் கைப்பேசியில் ஏற்றினேன்.
இருநூற்று முப்பத்தொன்று.
எண்ணி முடித்ததும் சிரிப்பு வந்தது,
தெரியாத வீடுகளின் சாவிக்கொத்து
மடியில் கிடந்தாற்போல.

நாலாம் நாள், சின்ன ஏர்வாடி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்
முத்துராக்கு.
எனக்குப் பாசி எடுத்துத் தருகிற கூட்டத்தில் ஒருத்தி.
விரல்களில் சுற்றிய துணி இன்னும் ஈரம்.
பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
"மரிக்கொழுந்துப் பாசியா?"
"ஆமா."
"இம்புட்டு வெள்ளையாவா ஆகுது?"
அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"சும்மாவா குடுக்குற தாயி?"
"சும்மாதான்."
"இரை தெரியுது. தூண்டில் எங்க?"

மின்னஞ்சலை விளக்கினேன்.
மாதம் ஒரு கடிதம், விலைப்பட்டியல், பெருநாள் தள்ளுபடி.
பொறுமையாய்க் கேட்டாள்.
"அது உன் பொழப்பு, நாங் குத்தம் சொல்லல.
ஆனா சும்மான்னு போடாத.
பாறையில கை கிழிஞ்சு எடுத்தது."

அவளுக்குக் காசு கொடுத்துத்தான் வாங்கியிருந்தேன்.
சொல்ல வாய் வந்தது.
அவள் சொன்னதும் அதைத்தானே.

அட்டையைக் கவிழ்த்து, பின்புறம் எழுதினேன்:
'இதற்கு நான் விலை கொடுத்துவிட்டேன்.
நீங்கள் முகவரி கொடுங்கள்.
மாதம் ஒருமுறை எழுதுவேன், விற்பதற்குத்தான்.
வேண்டாம் என்று ஒரு சொல் அனுப்பினால்
நிறுத்திக்கொள்வேன்.'
கூட்டம் நின்று வாசித்தது, கலைந்தது.
அன்று முழுக்கப் பத்தொன்பது பேர்.
மச்சான் சாயங்காலம் வந்து அட்டையைப் பார்த்தார்,
சர்பத் குடித்தார்,
ஒன்றும் பேசாமல் மேசையை மடக்கினார்.

பத்தொன்பதில் ஒன்று முத்துராக்கு சொல்ல நான் எழுதியது,
மதுரையில் நர்சிங் படிக்கும் மகளுடைய முகவரி.
இரண்டு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் கடிதம் போனது.
அறுபத்து நாலு திரும்பி வந்தது.
முப்பத்தொரு 'வேண்டாம்',
அதில் ஒன்று மச்சானுடையது, கை தவறியதாம்.
வாங்கியவர்கள் ஏழு பேர்.
வாடகைக்குக்கூடக் கட்டவில்லை.

பிறை பார்த்த ராத்திரி ஒரு பதில்:
'அக்கா, நான் பாண்டீஸ்வரி, முத்துராக்கு மகள்.
லீவுக்கு வந்திருக்கிறேன்.
பொட்டலத்தை அம்மா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.
எங்கள் வீட்டில் இதுவரை யாரும் தின்றதில்லை.
எப்படிச் செய்வது?'

பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் ஒன்றாய்ப் போகும்
செய்முறை ஒன்று தயாராய் இருந்தது,
படத்தோடு, பூப்போட்ட ஓரத்தோடு.
அதை விட்டுவிட்டு
அவளுக்கு மட்டும் தட்டச்சினேன்:

பாண்டீஸ்வரி,
முக்கால் லிட்டர் பால் போதும்.
சீனி உங்கள் இஷ்டம்.
ஃப்ரிட்ஜ் வேண்டாம், தானே உறையும்.
அம்மாவைக் கிளறச் சொல்லாதே, நீ கிளறு.
ஆனால் அதற்கெல்லாம் முன்னால்
அரைமணி நேரம்
அதைத் தண்ணீரில் போட்டு வை.