முதல் கட்டம்

சனிக்கிழமை. கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில். பெட்டிகளை எண்ணினேன், நாற்பத்தேழு.
கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேலை.
பயிற்சிக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போய் நின்றேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
"உட்காருங்க சார், டீதான் ஆறிடுச்சு" என்றார் நசீமா.

இதே தாமதத்துக்கு முந்தின நாள்
ரீகனை அரைமணி நேரம் வெளியே நிறுத்தியிருந்தேன்.
இதே கேட்.

குறுவள மையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்.
ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பு அறை.
முழங்கால் இடிக்கும் குட்டி பெஞ்சுகளில்
பன்னிரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள்,
எர்ணாவூரிலிருந்து, மணலியிலிருந்து, வியாசர்பாடியிலிருந்து.
எல்லோரிடமும் ஒரு ரீகன் இருந்தான்
வேறு வேறு பெயரில்.

நசீமா கத்திவாக்கத்தில் அறிவியல் எடுப்பவர்.
"போன வருஷம் இதே பெஞ்சுல தூங்குனவதான் நான்" என்றார்.
அவருக்கு யாரோ சொன்னதை எங்களுக்குச் சொல்கிறார்.
நாங்கள் ஆளுக்கு மூன்று பள்ளிக்குச் சொல்ல வேண்டும்.
கூட்டு வட்டி மாதிரி, என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு தாள், அதில் மூன்று கட்டம்.
நடுக்கட்டத்தில் பையன் என்ன செய்தான்.
அதை எழுத எங்களுக்குக் கை வலிப்பதே இல்லை.
கடைசியில், பிறகு என்ன ஆனது.
முதல் கட்டம்தான் எல்லோர் தாளிலும் வெள்ளையாக இருந்தது:
அதற்கு முன்னால் என்ன நடந்தது?

கோதண்டபாணி எழுந்தார்.
"நாப்பத்தெட்டு பசங்க மேடம். ஒரே ஃபேன்.
முன்னாடி இன்னா நடந்துச்சுன்னு பாக்க
எனக்கு இன்னா முதுகுலயா கண்ணு?"
கைதட்டினோம். நசீமாவும் தட்டினார்.
"ஒரே ஒரு பையன் சார். ரெண்டே வாரம்."

திங்கள். ஜாமெட்ரி பாக்ஸ் ஜன்னல் வழியே பறந்தது.
செவ்வாய். அஸ்லமின் காலர் கிழிந்தது.
புதன் அமைதி. அன்று நான் விடுப்பு.
வியாழன், பெஞ்சையே கவிழ்த்தான்.
முதல் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
நான் செய்துகொண்டிருந்ததை எழுதி வைத்தேன்.
வரிசையாகப் பலகைக்கு அழைத்துக்கொண்டிருந்தேன்.
அவனுக்கு முன் இரண்டு பேர்.
வரிசையாகப் பலகைக்கு அழைத்துக்கொண்டிருந்தேன்.
அவனுக்கு முன் ஒருத்தி.

தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால்
என் வகுப்பிலேயே மக்குப் பிள்ளையும் விடை சொல்லும்.
(மக்கு என்று எழுதக்கூடாது. பழக்கம்.)
வெளியே நிற்பவன் பலகைக்கு வர வேண்டியதில்லை.
தண்டனை என்று நான் கொடுத்ததை
ஒவ்வொரு நாளும் அவன்
விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மணியடிக்கும் முன் கூப்பிட்டேன்.
"நாளைக்கு உன் முறை. இந்தக் கணக்குதான்.
இப்பவே பார்த்துக்கோ."
"இன்னாத்துக்கு சார்?" என்றான், என் கையைப் பார்த்தபடி.
கையில் ஒன்றுமில்லை.

அப்பாவோடு காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற கை.
சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.
பகுதியைத் தொகுதியாக்கினான், தொகுதியைப் பகுதியாக்கினான்.
பெருக்கல் மட்டும் சரி.
அதைச் சுற்றி வட்டம் போட்டேன்.
வட்டத்தைப் பார்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் மறுபடி பெஞ்சைக் கவிழ்த்தான்.
முதல் கட்டம் காலி. எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்றே எழுதினேன்.

இரவு பதினொன்றுக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில்
எர்ணாவூர் செல்வரதியின் குரல்.
"எங்கிட்ட ஒருத்தி, மத்தியானம் ஆனா மேசைக்கடியில போயிடுறா,
இன்னா பண்றதுன்னே புரியல."
முதல் பதில் கோதண்டபாணியிடமிருந்து வந்தது:
"முன்னாடி இன்னா நடந்துச்சு டீச்சர்?"

திங்கட்கிழமை ரீகன் தாமதம்.
வாசலிலேயே நின்றான், அவனாகவே, வெளியே பார்த்தபடி.
"கேட்டா?"
தலையாட்டினான்.
"எத்தனை பெட்டி?"
"அதையெல்லாம் யார் சார் எண்ணிக்கினு இருப்பாங்க" என்றான்.

உட்காரு, என்றேன்.
நாலாவது கணக்கு போய்க்கொண்டிருக்கிறது.