ஆறு பேர் படை

இரண்டு மணிக்குப் போர்.
அதற்குள் பன்றி மூத்திரப்பைகளில்
ஆட்டு ரத்தம் நிரப்பி வாய் கட்டியாக வேண்டும்.
கட்டு இறுகினால் வாள் பட்டும் உடையாது.
தளர்ந்தால்
சாவதற்கு முன்பே நனைந்துவிடுவார்கள்.

தேம்ஸ் தென்கரையில் எங்கள் கொட்டகை.
படைவீரர்கள் ஆறு பேர்,
இரண்டு ராஜவம்சத்துக்கும் அவர்களேதான்.
வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை வைத்து
அங்கிகளை நான்தான் தைத்தேன்.
இடக்கதவால் தோற்று ஓடிவருவார்கள்,
அணியறை இருட்டில் புரட்டிப் போட்டுக்கொண்டு
வலக்கதவால் ஜெயித்து நுழைவார்கள்.

போன வியாழன் ஆம்ப்ரோஸ் லுட்கின்
புரட்ட மறந்து
தன் கட்சியையே ஈட்டியோடு துரத்தினான்.
கொட்டகை அதிரச் சிரித்தது.
எனக்கு மட்டும் கை நின்றுவிட்டது.

டவுட்டனில் அப்படித்தான் நடந்ததாம்.
குருத்தோலை ஞாயிறு. எதிர்க்காற்று.
கண்ணுக்குள் பனி.
எங்கள் குடும்பத்தின் வில்கின் ஸ்கார்கில்
எதிரில் வந்ததையெல்லாம் குத்தினான்,
அதில் ஒன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதாம் அவனை.
மார்பில் ரோஜா இல்லை.
மார்ச் மாத யார்க்‌ஷயரில் ஏது ரோஜா?
யாரோ ஒரு பிரபுவின் சின்னம், அதன்மேல் சேறு.
காக் ஓடையைப் பிணங்களின் மேல் நடந்து கடந்தான்,
ஒற்றைப் பூட்ஸோடு.
எந்த ராஜா வென்றார் என்பதை
ஒன்பது நாள் கழித்து
மாவு மில்லில்தான் கேட்டறிந்தான்.

நாடகம் எழுதும் பெலிங்கத்திடம் சொன்னேன்.
ஆப்பிள் கடித்துக்கொண்டே கேட்டார்.
"ஒற்றைப் பூட்ஸ் நன்றாயிருக்கிறது, எம்மோட்."
திங்களன்று அது ஒரு கோமகனின் காலில் இருந்தது,
பதினான்கு வரி வசனத்தோடு.
பெயர் சொல்லிக் கூப்பிட்டவனைக் காணோம்.
ரோஜாக்கள் மட்டும் இன்னும் பெரிதாக வேண்டுமாம்,
கடைசி வரிசைக்குத் தெரியும்படி.

கோபமில்லை எனக்கு.
அந்தப் பதினான்கு வரிக்கு
கசாப்புக்காரன் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள்,
நானும் திரைக்குப் பின்னால், ஊசியை வாயில் வைத்துக்கொண்டு.
வில்கினுக்காக அழுததில்லை ஒருநாளும்.
அவன் செத்தது வேறெங்கோ, படுக்கையில், பல்வலியில்.

ஆனால் ஒன்று செய்திருக்கிறேன்.
சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே
ஆறு அங்கியிலும்
சாயம் ஏற்றாத முரட்டுக் கம்பளி வைத்துத் தைத்திருக்கிறேன்.
வெளியே தெரியாது.
கழுத்தில் உறுத்துகிறதென்று
இரண்டு படைகளும் முனகுகின்றன.
உறுத்தட்டும்.

எக்காளம் ஊதிவிட்டார்கள்.
நில், ஆம்ப்ரோஸ். திரும்பு.
இப்போது நீ யார்?