மூன்று உறுதிகள்

புரோக்கர் குகதாசன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாள்
ஒரே பக்கம்.
திருநெல்வேலி, ஐம்பத்து நாலாயிரம்.
கொக்குவில், முப்பத்தெட்டு.
குருநகர், பதினெட்டு.
கூட்டினால் மாதம் ஒரு லட்சத்துப் பத்து.
மூன்றையும் சேர்த்துத்தான் கொடுப்பார்களாம்,
இரண்டு கோடி நாற்பதுக்கு.
"கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் தங்கச்சி."

கண்ணைத் திறந்துகொண்டு எண்ணுவது என் வேலை.
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினொரு வருஷம்
ஊரின் இரத்தத்தில் சீனி பார்த்தவள்.
எந்த எண்ணுக்கும் பக்கத்தில்
சாதாரண அளவு எதுவென்று ஒரு வரி இருக்கவேண்டும்.
தாளில் அது இல்லை.
நானே எழுதினேன், பென்சிலால்:
வருஷ வாடகை பதின்மூன்று லட்சத்து இருபதாயிரம்.
இதே காசு எட்டு வீதத்துக்கு வங்கியில் கிடந்தால்
பத்தொன்பது லட்சத்து இருபதாயிரம்.

ஒஸ்லோவிலிருந்து அண்ணன் சொன்னான்:
"வட்டிக்கு வேலி போடேலாதடி. காணி காணிதான்."
பாதிக் காசு அவனுடையது.
மறுபாதி, சீதனமென்று என் பெயரில் எழுதி
கலியாணம் நடக்காமலே விற்ற
கோண்டாவில் தோட்டக்காணி.

ஞாயிறு. ஸ்கூட்டி. ஒரு சீ.ஆர். கொப்பி.

திருநெல்வேலியில் ஆறு அறைக்கு ஒரு குளியலறை.
நாலு கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது.
கம்பஸ் பூட்டு.
"லீவு மாதத்துக்குக் காசு எடுக்கிறேல்லை அக்கா,"
என்றான் மட்டக்களப்புப் பொடியன் ஒருவன்,
நூடில்ஸ் சட்டியைப் பிடித்தபடி.
வருஷத்தில் இரண்டு மாதம்.
ஒரு லட்சத்து எட்டாயிரத்தைக் கழித்தேன்.

கொக்குவிலில் லீசிங் கம்பனி மனேஜர்.
ஒன்றாம் திகதி தவறாமல் காசு போடுகிறவர்.
சுவர் வெள்ளை, முற்றம் சுத்தம்,
எனக்குத் தேத்தண்ணியும் வந்தது.
உறுதியைப் பிறகுதான் வாசித்தேன்.
கிணறு பக்கத்து வளவில்.
அதில் மூன்றிலொரு பங்கும்,
போய் அள்ள வழி வாய்க்கால் உரிமையும் எங்களுக்கு.
மற்றப் பங்குகளில் ஒன்று பாரிசில்,
ஒன்று எங்கேயென்று யாருக்கும் தெரியாது.
வழியில் இப்போது மதில்.
மனேஜர் பவுசர்த் தண்ணீர் வாங்குகிறார்.
இந்தப் பங்கை
எந்த நிரலில் போடுவது?
கொப்பியில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

குருநகரில் கதவைத் திறந்தவள் ஜெசிந்தா.
தலைக்கு மேலே பீமில் நீளமாய் ஒரு வெடிப்பு,
உள்ளே கம்பியை உப்புக் காற்று தின்றுகொண்டிருந்தது.
அவளிடமும் ஒரு கொப்பி.
மோட்டர், கூரைச் சீற், கக்கூசுக் குழி,
மொத்தம் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம்.
நித்தியகலா அக்கா மார்க்கத்திலிருந்து
போனில் சம்மதித்த பிறகுதானாம்
மாதம் ஏழாயிரம் வாடகையில் கழிக்கிறாள்.
"இன்னும் ஒன்பது மாதம் கிடக்கு.
வீட்டை வாங்குறதெண்டா
இந்தக் கடனையும் சேர்த்துத்தானே வாங்குவியள்?"

பிழை தேடினேன்.
ரசீதுகள் திகதிப்படி, கூட்டல் சரி.
பிழை என்னுடையதில்:
மூன்று வீட்டுக்கும் சோலைவரியை விட்டிருந்தேன்.

இரவு குகதாசனுக்கு எழுதினேன்,
குருநகர் மட்டுமென்றால் என்ன விலை?
சிரிக்கிற முகம் இரண்டு வந்தது.
"மூண்டிலும் மோசமானது அதுதான் தங்கச்சி."
தெரியும்.
அதன் நோய் என்னவென்று எழுதியிருக்கிறது.
மற்ற இரண்டும் நன்றாக இருப்பதாகச் சொல்கின்றன.

அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை.
நாளைக்கு ஐந்தாம் திகதி.
அரியாலையில் நான் இருக்கிற வீட்டுக்கு
இருபத்தையாயிரம் போடவேண்டும்.
குசினிக் குழாயைப் போன மாதம்
என் காசில் மாற்றினேனே,
அந்த ரசீதை எங்கே வைத்தேன்?